காற்றைப் பற்றி எழுதாத கடிதம்

குழித்துறை போர்டிங்
1934 ஜூன் 18

ஏட்டி லீலாபாய்,

சுகமா என்று கேட்டால் நீ "சுகம்" என்று ஒரே சொல்லில் பதில் எழுதி முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை.

நீ படிப்பை நிறுத்திப் போய் மூன்று மாதம் ஆகிறது. உன் பாட்மிண்டன் மட்டை இன்னும் நம் போர்டிங் மிசியம்மாவின் வராந்தா ஆணியில்தான் தொங்குகிறது. பிடியில் உன் பெயர் எழுதி ஒட்டிய காகிதமும் அப்படியே இருக்கிறது. "லீலாபாய் கிறிஸ்துமசுக்குள் திரும்பி வந்தால் அவளுடைய இடம் அவளுக்கே" என்று மிசியம்மா எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறார்.

காரியத்துக்கு வருகிறேன். ஆகஸ்டு கடைசியில் ஆரல்வாய்மொழி பங்களா மைதானத்தில் பாட்மிண்டன் போட்டி. கிழக்கே உள்ள போர்டிங் பிள்ளைகளோடு நாம் ஆட வேண்டும். டிரெயினிங் பள்ளிக்கூடத்து அம்மா ஒருவர் பார்க்க வருகிறார். ஆடுகிறவர்களில் ஒருத்தியை டிரில் டீச்சர் படிப்புக்கு எடுத்துக்கொள்வாராம். சொர்ணம்மாளுக்கு ஜோடி நீதான். நீ இல்லாததால் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். என்னை! டிரில் வகுப்பில் வலது கை தூக்கச் சொன்னால் இடது கை தூக்குகிற என்னை.

நான் வீசினால் மட்டை ஒரு பக்கம் போகிறது, இறகுப் பந்து என் காலடியில் விழுகிறது. நேற்று சொர்ணம்மாள் எல்லாரும் கேட்கும்படி, "ஏட்டி ஜெபகனி, நீ பந்து அடிக்கியா, ஈ அடிக்கியா?" என்றாள். சமையல்கார முத்துக்கனி அக்காள் வரைக்கும் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு குளிமுறியில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பீர்மேட்டிலிருந்து அண்ணன் எழுதியிருக்கிறான். செப்டம்பரில் வந்து என்னைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவானாம். அவன் வீட்டில் சமைத்து அவன் பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமாம். டிரெயினிங்குக்கு எடுத்தால் மட்டும் விட்டுவிடுகிறேன் என்கிறான். அப்பா அம்மா இல்லாதவளுக்கு அண்ணன் சொல்வதுதானே சட்டம்.

நீ வாயைத் திறக்கமாட்டாய். மிசியம்மா உன்னிடம் கேட்டால்கூட நான்தான் உனக்காகப் பதில் சொல்வேன். ஆனால் மட்டையைக் கையில் எடுத்தால் நீ வேறு ஆள். எப்படி அடித்தாய்? பிடிப்பதிலிருந்து எழுது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுது. அது உண்மையும்கூட.

ஜெபகனி

கொட்டாரம்
1934 ஜூன் 26

அன்புள்ள ஜெபகனி,

உன் கடிதத்தை அஞ்சல்காரர் அப்பாவின் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். அடுப்பில் கஞ்சி கொதிக்கும்போது வாசித்தேன். இரண்டு முறை வாசித்தேன். கஞ்சி பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

அம்மைக்கு வாதத்தில் விழுந்துபோன வலது கையும் காலும் இன்னும் வரவில்லை. காலையிலும் மாலையிலும் எண்ணெய் போட்டுத் தடவுகிறேன். இடது கை நன்றாக இருக்கிறது. பேச்சு குழறுகிறது, ஆனால் எனக்குப் புரியும். கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்ததும் செல்லபாய் சித்தி வந்து அம்மையோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் வந்துவிட்டால் நான் திரும்பி வரலாம் என்று அப்பாவும் சொல்லிவிட்டார். மிசியம்மாவிடம் இதை நீ சொல்வாயா? நானே எழுதலாம். நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நீ சொன்னால் போதும். அறுப்பு முடிந்ததும் வருவாள் என்று சொல்.

நீ மட்டையை எப்படிப் பிடிப்பாய் என்று எனக்கு நினைவிருக்கிறது. உலக்கையைப் பிடிப்பதுபோல் பிடிக்கிறாய். அப்படிப் பிடித்தால் தோளிலிருந்துதான் வீச முடியும், மணிக்கட்டு வேலை செய்யாது. அகப்பையைப் பிடிப்பதுபோல் பிடி. கஞ்சி கிண்டும்போது யாரும் அகப்பையை இறுக்கமாட்டார்கள். மட்டையின் விளிம்பு தரையைப் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மிசியம்மா கை குலுக்குவாரே, அதேபோல் பிடியோடு கை குலுக்கு. விரல்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் விடு. பந்து மட்டையில் படுகிற நொடியில் மட்டும் இறுக்கு. உடனே தளர்த்து. இடது பக்கம் வருகிற பந்துக்குக் கட்டைவிரலைப் பிடியின் பின்னால் நிமிர்த்தி வைத்துத் தள்ளு.

ஒரு வாரம் பந்தே வேண்டாம். சும்மா பிடித்து, விட்டு, மறுபடி பிடி. படுக்கப் போகும்போதும் செய்.

நான் இங்கே தென்னை மட்டையைச் செதுக்கி வைத்திருக்கிறேன். மருந்துக் குப்பியின் தக்கையில் கோழி இறகு குத்திப் பந்து செய்தேன். அம்மை கட்டிலில் படுத்தபடி இடது கையால் எறிவாள், நான் அடிப்பேன். பந்து சுவரில் பட்டு அவள் மடியில் விழுந்தால், "ஏட்டி, பந்து எனக்க மடியில முட்டையிடப் பாக்குது" என்பாள். அவள் சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கிறது.

லீலாபாய்

குழித்துறை போர்டிங்
1934 ஜூலை 6

ஏட்டி லீலா,

அகப்பை! இத்தனை பெரிய மிசியம்மா இரண்டு வருஷமாகச் சொல்லி விளங்காதது ஒரு அகப்பையில் விளங்கிவிட்டது. முத்துக்கனி அக்காளிடம் அகப்பையையே வாங்கி வைத்துப் பழகினேன். "கஞ்சி கிண்ட ஆள் வந்தாச்சு" என்று எனக்கு அடுப்பையும் ஒப்படைத்துவிட்டாள்.

நேற்று பந்து மூன்று முறை வலையைத் தாண்டியது. சொர்ணம்மாள் வாயைத் திறக்கவில்லை. அதுவே பெரிய காரியம்.

மிசியம்மாவிடம் நீ சொன்னதைச் சொன்னேன். தலையாட்டினார்.

ஆனால் சர்வீஸ் போடத் தெரியவில்லை. பந்தை விட்டு மட்டையை வீசுவதற்குள் பந்து தரையில் கிடக்கிறது. இன்னொன்று. எனக்குத் தந்திருக்கிற மட்டையில் நரம்பு தொங்குகிறது. அதில் அடிப்பதும் மீன் வலையில் அடிப்பதும் ஒன்று. ஆணியில் உன் மட்டை சும்மாதானே தொங்குகிறது? நான் எடுக்கட்டுமா? நீ சரி என்றால் எடுத்துக்கொள்ளலாம் என்று மிசியம்மா சொல்கிறார்.

ஜெபகனி

கொட்டாரம்
1934 ஜூலை 14

அன்புள்ள ஜெபகனி,

சர்வீஸ் சொல்கிறேன். இடது காலை முன்னால் வை. பந்து போகிற வரை அந்தக் காலை எடுக்காதே. பந்தை இறகில் பிடி, தக்கையில் பிடிக்காதே. எறியாதே, விடு. கையிலிருந்து தானாக விழவேண்டும். இடுப்புக்குக் கீழே வரும்போது மட்டை அதைச் சந்திக்கவேண்டும். அடிப்பதாக நினைக்காதே. முறத்தில் அரிசி புடைக்கும்போது கடைசியில் ஒரு சிறு தூக்கு தூக்குவோமே, அவ்வளவுதான். பந்தைப் பார். எதிரே நிற்கிறவள் முகத்தைப் பார்க்காதே. நான் ஒருபோதும் பார்த்ததில்லை. எல்லாரும் அதைக் கூச்சம் என்றார்கள்.

இனி கால். நீ நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டுகிறாய். கை எட்டாது, கால்தான் எட்டவேண்டும். சிறு சிறு அடியாகப் போ, பெரிய அடி வைத்தால் பாவாடை தடுக்கும். அடித்ததும் அங்கேயே நின்று பந்து எங்கே விழுகிறது என்று வேடிக்கை பார்க்காதே. நடுவுக்குத் திரும்பி வா. எந்த மூலைக்குப் போனாலும் அடுப்படிக்குத் திரும்புகிறோம் அல்லவா, அப்படித் திரும்பவேண்டும்.

காற்றைப் பற்றியும் ஒரு காரியம் உண்டு. இங்கே கொட்டாரத்தில் காற்றில் அடித்து அடித்து நானே கண்டுபிடித்தது. மிசியம்மாவுக்குக்கூடத் தெரியாது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

மட்டையைப் பற்றிக் கேட்டிருந்தாய். வேண்டாம் ஜெபகனி. அதை எடுக்காதே. சொர்ணம்மாளின் பழையதைக் கேட்டுப் பார். உனக்குத் தர மனமில்லை என்று நினைக்காதே. அது அந்த ஆணியில் தொங்குகிற வரைக்கும் நான் அங்கே இருக்கிறதுபோல் எனக்கு ஒரு எண்ணம். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

லீலாபாய்

குழித்துறை போர்டிங்
1934 ஜூலை 27

அன்புள்ள லீலா,

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே மட்டையை எடுத்துவிட்டேன். கோபப்படாதே. சொர்ணம்மாளின் பழையதில் நான்கு நரம்பு அறுந்திருக்கிறது. நீ எப்படியும் சரி என்பாய் என்று நினைத்துவிட்டேன். எதற்கும் நீ மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லையே.

பிடியில் இருந்த உன் பெயர்க் காகிதம் சாரலில் நனைந்து உரிந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய?

சர்வீஸ் வந்துவிட்டது. பத்துக்கு ஏழு உள்ளே விழுகிறது. சொர்ணம்மாள் நேற்று, "பரவாயில்ல, இப்பம் நீ மனுசி மாதிரி ஆடுத" என்றாள். மிசியம்மா என் பெயரைப் போட்டிப் பட்டியலில் மையால் எழுதிவிட்டார். முன்பு பென்சிலில் எழுதியிருந்தார்.

எனக்கு இன்னும் இரண்டு வேண்டும். பின்கோட்டுக்கு வருகிற உயரப் பந்தை எப்படி அடிப்பது? அதைவிட முக்கியம், காற்று. இங்கே சுற்றிலும் மரம், ஆற்றங்கரைப் பள்ளம், இலைகூட அசைவதில்லை. ஆரல்வாய்மொழியில் ஆள் தலைத்துணியைக் காற்று கொண்டுபோகும் என்கிறார்கள். எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் அந்தக் காற்றிலேயே வளர்ந்தவர்கள். நீ கண்டுபிடித்ததை எழுது. மறந்துவிடாதே. அண்ணன் புறப்படுகிற தேதி எழுதிவிட்டான்.

ஜெபகனி

கொட்டாரம்
1934 ஆகஸ்டு 8

ஜெபகனிக்கு,

உயரப் பந்துக்கு முதலில் திரும்பி நில். வலது கால் பின்னால், இடது தோள் வலையைப் பார்த்து. இடது கையைத் தூக்கிப் பந்தைச் சுட்டிக் காட்டு. பந்து தலைக்கு மேலே, கொஞ்சம் முன்னால் இருக்கும்போது அடி. தலைக்குப் பின்னால் போய்விட்டால் அடிக்காதே. முழங்கை முதலில், பிறகு மணிக்கட்டு. ஓங்கி அடிக்க ஆசை வரும். தூரத்துக்கு அனுப்பினால் போதும்.

காற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. குழித்துறையில் ஆடுவது போலவே அங்கேயும் ஆடு.

போட்டி பார்க்க என்னைக் கூட்டிப்போவதாக அப்பா சொல்கிறார். மயிலாடி வழியாக ஒரு வண்டி போகிறதாம். வருவேன்.

நேற்று நான் சுவரில் அடித்ததைப் பார்த்து அம்மை, "யாரு மேல மக்கா இவ்வளவு கோவம்?" என்று கேட்டாள். யார் மேலும் இல்லை என்றேன். கோழி இறகு எல்லாம் ஒடிந்துவிட்டது.

லீலாபாய்

குழித்துறை போர்டிங்
1934 செப்டம்பர் 1

லீலா,

தோற்றுவிட்டோம். பதினைந்துக்கு ஆறு, பதினைந்துக்கு நான்கு. டிரெயினிங் அம்மா சொர்ணம்மாளை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்து "நல்ல முயற்சி" என்றார்.

நீ வருவாய் என்று வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ வரவில்லை.

உன் மட்டையை ஆணியில் மாட்டிவிட்டேன். அண்ணன் இருபத்திரண்டாம் தேதி வருகிறான்.

ஜெபகனி

கொட்டாரம்
1934 செப்டம்பர் 10

அன்புள்ள ஜெபகனி,

ஐந்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இனிக் கிழிக்கக் காகிதம் இல்லை.

அம்மைக்கு உடம்பு சரியில்லை என்று அப்பாவிடம் பொய் சொல்லிப் போட்டி அன்றைக்கு வராமல் இருந்தேன். அம்மை நன்றாகத்தான் இருந்தாள். காலையில் கிணற்றடியில் நின்று பார்த்தேன். பனை ஓலைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. அப்படியொரு காற்று. ஆரல்வாய்மொழியில் இதைவிட இரண்டு மடங்கு இருக்கும் என்று நினைத்தேன். நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அதைத்தான் உனக்குச் சொல்லவேண்டும்.

காற்றைப் பற்றி எழுத இருந்தது. மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். நீ மட்டையை எடுத்துவிட்டேன், பெயர் உரிந்துவிட்டது, மையால் எழுதிவிட்டார் என்று எழுதினாய். நான் இல்லாமலே என் இடம் நிரம்புகிறது, அதையும் நானே கடிதம் கடிதமாக நிரப்பிக் கொடுக்கிறேன் என்று தோன்றியது. அந்த மூன்று பக்கத்தையும் அடுப்பில் போட்டேன்.

நீ தோற்றதும் என்னால். மலைக்குப் போவதும் என்னால். உனக்கு மட்டுமல்ல, இதை யாருக்கும் வாயால் சொல்ல எனக்குத் துணிவு வராது. எழுத்தில் சொல்கிறேன். நீ என்னைத் திட்டி ஒரு வரியாவது எழுது.

லீலாபாய்

குழித்துறை போர்டிங்
1934 செப்டம்பர் 20

லீலா,

அன்றைக்குக் காற்றே இல்லை.

மதியம் அங்கே சாரல் விழுந்தது. விழுந்து நின்றதும் காற்றும் நின்றுவிட்டது. மைதானத்து ஓரத்தில் ஒரு அரசமரம். அதன் இலைகூட ஆடவில்லை. அந்த ஊர்ப் பெண்களே, "இது என்ன அதிசயம், காத்துக்கும் இன்னைக்கு லீவா?" என்று பேசிக்கொண்டார்கள். பந்து அடித்த இடத்தில் விழுந்தது. நீ காற்றைப் பற்றி முப்பது பக்கம் எழுதியிருந்தாலும் எனக்கு அன்று உதவியிருக்காது. அதனால் நீ அழவேண்டாம்.

நான் தோற்றது வேறு ஒன்றால். உன் பெயர்க் காகிதம் சாரலில் உரியவில்லை. நகத்தால் நான் உரித்தேன். பசை முழுவதும் போகவில்லை. இடது பக்கப் பந்துக்குக் கட்டைவிரலை நிமிர்த்தி வை என்று எழுதினாயே, அங்கேதான் அந்தப் பசை. ஒவ்வொரு முறையும் விரல் ஒட்டியது. ஒட்டும்போதெல்லாம் வேலியைப் பார்த்தேன், நீ வந்திருக்கிறாயா என்று. வந்துவிடக்கூடாது என்றுதான் பார்த்தேன். கடைசியில் உலக்கையைப் பிடிப்பதுபோல் பிடித்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஜூலை முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் மிசியம்மா, "லீலாபாய் வருவாளா?" என்று கேட்டார். அறுப்பு முடிந்ததும் வருவாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வரமாட்டா மிசியம்மா. அவளுக்குக் கல்யாணம் பேசியாச்சு" என்று வந்தது. அறுப்பு சீக்கிரம் முடிந்து ஆகஸ்டுக்குள் நீ வந்தால் சொர்ணம்மாளோடு நீதான் நிற்பாய். எனக்கு அண்ணன் வீட்டு அடுப்புதான். அந்த ஒரு நிமிஷத்தில் அவ்வளவுதான் தெரிந்தது. அவர் ஏட்டில் உன் பெயரை அடித்துவிட்டார். ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். உன் கட்டில், உன் பெட்டி வைக்கிற இடம் எல்லாம் அவளுக்கு.

உன் கடிதம் வந்த அன்றே மிசியம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். வந்த பிள்ளையை அனுப்ப முடியாது என்றார். அடுத்த வருஷம் உனக்குப் பதினாறு முடிந்துவிடும், ஏழாம் கிளாசில் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்காது என்றார். "ஏன் அவள் எனக்கு ஒரு வரி எழுதவில்லை?" என்று கேட்டார். நான்தான் எப்போதும் அவளுக்காகப் பேசுவேன் என்றேன். ஏட்டை மூடி வைத்துவிட்டார்.

நாளை மறுநாள் போகிறேன். அண்ணன் விலாசம் கீழே எழுதியிருக்கிறேன். நீ எழுதுவாய் என்று எதிர்பார்த்து அல்ல.

ஜெபகனி

கொட்டாரம்
1934 அக்டோபர் 7

அன்புள்ள ஜெபகனி,

உன் கடிதம் வந்த அன்றைக்கே செல்லபாய் சித்தியும் வந்தாள். சித்தி வருவதற்கு முந்தின நாளே என் பெட்டியைத் துடைத்து, இரண்டு பாவாடையும் ரவிக்கையும் மடித்து வைத்திருந்தேன். நான் வந்துவிட்டால் அம்மைக்கு விளையாட்டுக் காட்ட ஆள் இல்லையே என்று, சித்திக்குப் பந்து பிடிக்கக்கூடச் சொல்லிக்கொடுக்க நினைத்தேன்.

அன்றைக்கு மாலை அப்பா, "மக்கா, என்னைக்குப் போகணும்? வண்டிக்குச் சொல்லணும்லா" என்று கேட்டார். போகவில்லை என்றேன். ஏன் என்றார். மிசியம்மா ஏட்டில் என் பெயர் இல்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் உன்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. "அம்மைய விட்டுட்டுப் போக மனசில்ல" என்றேன். கட்டிலில் கிடந்த அம்மை அதைக் கேட்டுவிட்டாள். இடது கையால் என் கையைப் பிடித்து, "எனக்க தங்கம்" என்று அழுதாள். நான் என் வாயால் சொன்ன ஒன்றுக்கு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

சித்தி ஒரு வாரம் இருந்துவிட்டுப் போய்விட்டாள். நான் இருக்கும்போது அவள் எதற்கு? பெட்டியிலிருந்த துணிகளை எடுத்துக் கொடியில் போட்டேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். என் மேலும் இருக்கிறது. எது அதிகம் என்று தெரியவில்லை.

மலையில் காற்று உண்டு என்று அப்பா சொல்கிறார். தோட்டத்துத் துரை வீட்டுப் பக்கம் வலை கட்டியிருக்கலாம். உன் அண்ணன் பிள்ளைகளுக்காவது நீ ஒருநாள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

ஆடுவதற்கு முன் ஒரு பிடி உமியைத் தோள் உயரத்தில் பிடித்து விடு. அது எந்தப் பக்கம் போகிறது என்று பார். காற்று உன் முகத்துக்கு எதிரே வந்தால், தாழ்வாகவும் பலமாகவும் அடி. அப்போது உன் தலைக்கு மேலே போகிற பந்தை எட்டிப் பிடிக்க ஓடாதே, விட்டுவிடு. காற்றே அதைக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போடும். காற்று உன் முதுகில் இருந்தால், மெதுவாகத் தட்டு, உயரத் தூக்காதே, ஓரடி முன்னால் நில், அவர்கள் அடிப்பது உன்னிடம் வந்து சேராது. காற்று குறுக்கே வீசினால், ஓரக் கோட்டைக் குறி வைக்காதே, நடுவைப் பார்த்து அடி. பக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், முதலில் எதிர்க்காற்றுப் பக்கத்தை எடு. உடம்பில் தெம்பு இருக்கும்போதே கஷ்டத்தை முடித்துவிட வேண்டும்.

காற்றே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்ததே இல்லை. இங்கே அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

இதை எழுதிவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். ஓலை எதுவும் அசையவில்லை. தோள் உயரத்தில் பிடித்து ஒரு பிடி உமியை விட்டேன். நேரே கீழே இறங்கி என் கால் மேலேயே விழுந்தது.

லீலாபாய்